ஆளில்லாத வாக்கியங்கள்

1984 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குத் தலைநகர் ஹோனியாராவின் வானொலியில், தூரத்துத் தீவுகளிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு மக்கள் சொல்லி அனுப்பும் சேவைச் செய்திகள் வாசிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று மலுவே தீவிலிருக்கும் லூக்காவின் தாய்க்கு, லூக்காவின் தகப்பனிடமிருந்து. கடலில் காணாமல் போனதாகத் தேடப்பட்டு வந்த அந்தத் தகப்பன் ஹோனியாராவில் நலமாக இருப்பதாக அதில் சொல்லப்பட்டது. மறுநாள் காலை தேடும் பணி நிறுத்தப்பட்டது.

லூக்காவின் தாய் ஏப்ரல் முதல் திங்கட்கிழமை, கைக்குழந்தையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு, சைனாடவுனில் அரிசிக் கடைக்கு மேலிருந்த ஹில்டா ஸாமாவின் அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள். பெயர் எட்னா. வயது முப்பதுக்குள். கப்பலின் டீசல் வாசனை அவள் உடையிலிருந்து இன்னும் போகவில்லை. கூட வந்த அண்ணன் மாடிக்கு வரவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் மாமரத்தடியில், கட்டிடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஹில்டா பல வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதிக்கும் நடுவில் நின்று, அடுத்தவர் பேச்சைத் தன் வாயால் திருப்பிச் சொல்லியே பாதி ஆயுசைக் கழித்தவள். அங்கிருந்து விலகிய பிறகு துப்பறியும் தொழில். டட்லி ஃபாலே அவள் உதவியாளன், மலாய்ட்டா தீவுக்காரன். துப்பறியும் வேலை இல்லாத நாட்களில் டாக்ஸி ஓட்டுவான். வேலை இருக்கும் நாட்களிலும் அதே டாக்ஸிதான், வாடகை மட்டும் வராது.

எட்னா சொல்ல ஆரம்பித்தபோது டட்லி ஜன்னலோரம் நின்றிருந்தான். அவள் பேச்சுக்கு முற்றுப்புள்ளி கிடையாது என்பதை முதல் நிமிஷத்திலேயே கவனித்தான்.

"அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே அவர் எழுந்து, லூக்காவை எழுப்பி முத்தம் குடுத்துட்டு, எங்கம்மாகிட்ட போய்ட்டு வரேன் அத்தைன்னு சொல்லி, அம்மா காத்து சரியில்ல பாத்துப் போன்னு சொல்ல, இவர் சிரிச்சுக்கிட்டே, அத்தை, கடல் என்னைத் தின்னா அதுக்குத்தான் வயித்து வலி வரும்னாரு, அம்மாவும் சிரிச்சிட்டா, நானும் சிரிச்சேன், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, இவ உள்ள இருந்தா அப்போ."

எட்னாவின் புருஷன் பர்னபாஸ் இஸபெல் தீவுக்காரன். மீன் தளத்தில் வேலை பார்த்தபோது பழக்கமாகி, எட்னாவைக் கல்யாணம் செய்துகொண்டு மலுவேயில் வந்து தங்கியவன். அந்த வீட்டில் பேச்சு எல்லாம், தீவுகளுக்கெல்லாம் பொதுவான பிஜின் மொழியில்தான். மறுபடியும் தளத்தில் வேலை கிடைத்ததால், மோட்டார் வைத்த ஓடத்தில் தனியாக லாட்டா துறைமுகம் வரை போய், அங்கிருந்து கப்பல் பிடிக்கக் கிளம்பினான். மதியத்துக்குமேல் காற்று திரும்பியது. இரண்டு நாள் கழித்தும் தகவல் இல்லை என்றதும் தீவிலிருந்த நர்ஸ் கம்பியில்லாத் தந்தியில் சொன்னாள். அரசாங்கம் படகு அனுப்பியது. எட்னா பாயில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. முன்பு ஒரு குழந்தை இதே மாதிரி நாட்களில்தான் வயிற்றிலேயே போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் வானொலியில் செய்தி வந்தது. தீவே கூடி நின்று கேட்டது. எட்னா எழுந்து கிழங்கும் மீனும் சாப்பிட்டாள். சில நாளில் பெண் குழந்தை பிறந்தது.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மீன் தளத்தில் விசாரித்ததில் பர்னபாஸ் அங்கே வந்து சேரவேயில்லை.

"லூக்கா தினமும் சாயங்காலம் கரையில அரிக்கேன் விளக்கு ஏத்தி வைக்கிறான், அப்பா இருட்டுல வந்தா பாறையில இடிச்சுப்பாருன்னு, நான் இங்க வந்தப்புறமும் பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு ஏத்திக்கிட்டுதான் இருப்பான், அக்கா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், வேற பொண்ணு யாராவது இருந்தா சொல்லிடுங்க, நான் சண்டை போட மாட்டேன், அவளுக்குப் பாய் பின்னிக்கூட அனுப்பறேன், ஆள் இருக்காருன்னு தெரிஞ்சா போதும், வியாழக்கிழமை கப்பல்ல நான் நிம்மதியாப் போயிடுவேன்."

ஹில்டா அந்தச் செய்தியைச் சொல்லச் சொன்னாள். எட்னாவுக்கு அது மனப்பாடம்.

"லூக்காவின் தகப்பனிடமிருந்து லூக்காவின் தாய்க்கு. கப்பல் வந்து சேர்ந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓடம் லாட்டாவில் பத்திரம். சாப்பாடு நேரத்துக்கு நடக்கட்டும். அழுகை வேண்டாம். பிள்ளை நல்லபடி பிறக்கட்டும்."

"உன் புருஷன் இப்படித்தான் பேசுவாரா?"

"அவரா? உப்பு கேக்கறதுன்னாக்கூட அதுல நாலு பேர் வருவாங்க. ரேடியோவுக்குன்னு சுருக்கிச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்." எட்னா பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். போன வருஷம் மீன் தளத்திலிருந்து பர்னபாஸ் பேசிப் பதிவு செய்து அனுப்பியது. "கேளுங்க. ஆனா திருப்பிக் குடுத்துடணும்."

டட்லி தண்ணீர் எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனான். அண்ணன் பெயர் கிளமெண்ட். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன், தோள் இரண்டும் கட்டை மாதிரி. மலுவேயில் வயது வந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள், ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொல்ல மாட்டார்கள். டட்லிக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை, அவன் ஊரில் வேறு விதமான கட்டுகள் உண்டு. தண்ணீரை வாங்காமல் கிளமெண்ட் இரண்டு இளநீர்க் காய்களை நீட்டினான். தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மேல காத்து வருதா? சூடு பிள்ளைக்கு ஆகாது. பால் குடுக்கற உடம்புக்கு இளநீர் நல்லது."

டட்லி மேலே வந்து, காய்களை வைத்துவிட்டு ஹில்டாவின் காதருகே சொன்னான்: "கீழ ஒரு தந்தி ஆபீஸ் உக்காந்திருக்கு, பாஸ். வார்த்தைக்கு இவ்வளவுன்னு கட்டணம் போல."

எட்னா குழந்தையோடு அலுவலகத்திலேயே இருந்தாள். ஹில்டாவும் டட்லியும் டாக்ஸியில் கிளம்பினார்கள்.

"எங்க ஊர்ல சேத்துல கால் தடத்தைப் பாத்து பன்னித் திருடனைப் பிடிப்பாங்க," என்றான் டட்லி, கியரை மாற்றிக்கொண்டே. "நீங்க பேசின பேச்சோட தடத்தைப் பாத்துப் பிடிக்கறீங்க. திருடன் ஊமையா இருந்தா நம்ம பொழப்பு என்ன ஆகும்?"

"ஊமை திருட மாட்டான். கூட்டாளி கிடைக்காது." ஹில்டா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோர்ட்டுல ஒரு பையன் 'கண்ணாடி உடைஞ்சுது'ன்னு சொன்னா, உடைச்ச கை பக்கத்துலதான் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுடும். வாக்கியத்துலேர்ந்து ஆளை எடுத்துட்டான் பாத்தியா. எடுக்கணும்னு அவன் யோசிக்கறதுகூட இல்ல. மனசு தானா ஒதுங்கி நிக்குது, வாய் அதுக்கு ஏத்த மாதிரி கட்டுது. இந்தச் செய்தியில நான் இல்ல, நீ இல்ல. சாப்பாடு நடக்கணுமாம். யார் சாப்பிடணும்?"

"பயந்துட்டானோ? யாராவது கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டு..."

"கத்தியை வச்சுக்கிட்டு பிள்ளை நல்லபடி பிறக்கட்டும்னு யாரும் சொல்லச் சொல்ல மாட்டாங்க. கேசட்டைப் போடு."

டாக்ஸியின் டேப் ஒரு முறை இருமிவிட்டு ஓடியது. பின்னால் கிட்டார், யாரோ சிரிப்பது, அதற்கு மேலே பர்னபாஸின் குரல்.

"எட்னா, நான்தான், வேற யாரு உனக்கு இவ்வளவு மோசமாப் பாடுவா, இப்போதான் சாப்பிட்டேன், மீன் இல்ல எட்னா, பகல் முழுக்க மீன் அறுத்துட்டு ராத்திரி அது மூஞ்சில முழிக்க முடியாது, டப்பா இறைச்சி, நீ இருந்தா சிரிச்சிருப்பே, எட்னா, இன்னிக்கு உங்க அண்ணன் வந்தாரு, படகுலேர்ந்து இறங்கி நேரா என்கிட்ட, நான் சாப்பிட்டீங்களான்னு கேக்கறேன், அவரு என்னைப் பாக்காம தண்ணித் தொட்டியைப் பாத்துக்கிட்டு..."

இங்கே பர்னபாஸ் குரலைத் தடித்ததாக்கி நடித்தான்: "'கூரை ஒழுகக் கூடாது. மழைக்கு முன்னாடி ஓலை. இருமல் பிள்ளைக்கு ஆகாது.' அவ்வளவுதான் எட்னா, மாசக் கணக்குல பாக்காத மனுஷன், இதை நான் உனக்குச் சொல்லணுமாம், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் தபால்காரன், சம்பளம் கிடையாது, சைக்கிளும் கிடையாது..."

டட்லி ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். அந்தத் தடித்த குரல் அச்சு அசல் மாமரத்தடி ஆள். ஹில்டாவும் சிரித்தாள். பாட்டு ஆரம்பித்ததும் டேப்பை நிறுத்தினார்கள், ஏனென்றால் பர்னபாஸ் தன் பாட்டைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை.

வானொலி நிலையத்துத் தாழ்வாரத்தில் வழக்கம்போலக் கூட்டம். பிணத்தோடு வரும் கப்பலை எதிர்பார்ப்பவர்கள், பன்றி விற்றவர்கள், பரீட்சையில் தேறியவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில். கவுண்டரில் ஹட்சன் என்பவன் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வான், உள்ளே ஆக்னஸ் அதை வாசிப்பாள். சொன்னவர் சொன்ன மாதிரியே வாசிப்பது அவளுக்கு ஒரு கௌரவம். ஒரு சொல்லையும் திருத்த மாட்டாள். குடிகாரன் சொன்னதைக் குடிகாரன் சொன்ன மாதிரியே வாசித்து ஒருமுறை மேலதிகாரியிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

மலுவே செய்தி ஹட்சனுக்கு நினைவிருந்தது. மலுவேக்குச் செய்தி வருவதே அபூர்வம்.

"எல்லாரும் கவுண்டர் மேல கவுந்து என் மூக்குக்கிட்ட வந்து கத்துவாங்க. அவன் சுவத்துல மாட்டியிருக்கற காலண்டரைப் பாத்துக்கிட்டுச் சொன்னான். யாருக்குன்னு கேட்டேன், லூக்காவோட அம்மாவுக்குன்னான். அதுக்கு ஒரு பேர் இருக்குமேன்னேன். அப்படியே போடுன்னான். உன் பேர் என்னன்னேன். லூக்காவோட அப்பான்னு போடுன்னான்."

"மூஞ்சி?"

"தொப்பி போட்டிருந்தான். ஒரு நாளைக்கு எத்தனை தொப்பியைத்தான் நான் பாக்கறது?"

ஆக்னஸ் ஒன்று சேர்த்துச் சொன்னாள். செய்தி வாசிக்கும்வரை அந்த ஆள் தாழ்வாரத்து ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தானாம். வாசித்து முடித்து அவள் வெளியே வந்ததும், மலுவே வரைக்கும் கேட்டிருக்குமா என்று மட்டும் கேட்டானாம். கேட்டிருக்கும் என்றாளாம். போய்விட்டானாம்.

டட்லி ஹில்டாவைத் தாழ்வாரத்து ஓரத்துக்கு அழைத்துப் போனான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"பாஸ், கேஸ் முடிஞ்சுது. கேசட்டுல மூச்சுக்கு மூச்சு எட்னா, எட்னா. இங்க லூக்காவோட அம்மா. ஏன்? பக்கத்துல இன்னொருத்தி நின்னுக்கிட்டிருக்கா. அவ முன்னாடி பொண்டாட்டி பேரைச் சொல்ல நாக்கு வரல. காலண்டரைப் பாத்துப் பேசறான், வெக்கம். பொய்யை முடிஞ்ச அளவு சுருக்கிட்டான். ஆள் இங்கதான் எங்கயோ கிழங்கு தின்னுக்கிட்டு இருக்கான்."

"அப்படி இருந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் ஹில்டா.

டட்லிக்கும் அதே எண்ணம்தான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு புருஷன் கெட்டவனாக இருக்கவேண்டும் என்று அவன் மனதார வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"ஓடம் லாட்டாவில் பத்திரம்னு இருக்கு," என்றாள் ஹில்டா. "அது பத்திரமா இருக்கான்னு யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. வானொலி நிலையத்துப் பின்னறையிலிருந்தே லாட்டாவுக்குத் தொடர்பு கிடைத்தது. இரைச்சலுக்கு நடுவே துறைமுகக் காவலாளி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். மலுவே ஓடம் எதுவும் அங்கே இல்லை, மார்ச் முழுக்க வரவும் இல்லை. பர்னபாஸ் ஏற வேண்டியிருந்த கப்பலின் மாலுமித் தலைவன் அங்கே கரையில்தான் இருந்தான், அவனையும் கூப்பிட்டார்கள். பர்னபாஸை அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயணத்தில் பர்னபாஸ் ஏறவில்லை. ஏறியிருந்தால் கப்பல் முழுக்க அவன் பாட்டுதான் கேட்டிருக்கும் என்றான்.

ஹில்டா கருவியை வைத்தாள். இன்னொருத்தி இல்லை. பர்னபாஸ் கடலைத் தாண்டவேயில்லை. அவன் ஓடத்தோடு அலைந்துகொண்டிருந்த நேரத்தில், அவன் கரையேறிவிட்டதாக யாரோ ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

தேடும் படகை அனுப்பிய அலுவலகம் துறைமுகத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார். படகைத் திருப்பிக் கூப்பிட்டது உண்மைதான். ஆள் கிடைத்துவிட்டதால் கூப்பிட்டோம் என்றார்.

"யார் வந்து சொன்னாங்க?" என்று கேட்டான் டட்லி.

"வரணுமா? ரேடியோவுல சொன்னாங்களே. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே கேட்டோம். என் மனைவி கை தட்டினா."

"அந்த ராத்திரி படகு எங்க இருந்துது?"

அதிகாரி சுவரிலிருந்த வரைபடத்தில் விரலை வைத்தார். காற்று இழுத்த திசையிலேதான் இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தெற்கே போவதாகத் திட்டம் என்றார். பிறகு விரலை எடுத்துவிட்டார்.

டாக்ஸிக்குத் திரும்பியதும் டட்லி வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். எவன் செய்திருந்தாலும் அவனை இழுத்துவந்து அந்த வரைபடத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. ஹில்டா கேசட்டைத் திருப்பி ஓட்டினாள். நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் பின்னால்.

"...என்னைப் பாக்காம தண்ணித் தொட்டியைப் பாத்துக்கிட்டு, 'கூரை ஒழுகக் கூடாது. மழைக்கு முன்னாடி ஓலை. இருமல் பிள்ளைக்கு ஆகாது.'"

அவள் டேப்பை நிறுத்தினாள். டட்லி காலையில் சிரித்த அதே இடம்.

"தண்ணித் தொட்டி," என்றான் மெதுவாக. "காலண்டர்."

"பயமில்ல, பொய்யனோட சாமர்த்தியமும் இல்ல," என்றாள் ஹில்டா. "அந்த ஆள் பேசறதே இப்படித்தான். தங்கச்சி பேரைச் சொல்லக் கூடாது. நீன்னு சொல்லி அவளைப் பாத்துப் பேசக் கூடாது. சின்ன வயசுலேர்ந்து அவளைப் பத்தின ஒவ்வொரு அக்கறையையும் ஆளை எடுத்துட்டுச் சொல்லியே பழகியிருக்கான். அன்பு எவ்வளவு அதிகமோ, வாக்கியம் அவ்வளவு காலியாயிடுது. நான் அதைப் பயம்னு படிச்சேன், நீ கள்ளத்தனம்னு படிச்சே."

"பாஸ், காலையில அவர் என்கிட்ட இளநீர் குடுத்தப்போகூட..."

"தெரியும். தந்தி ஆபீஸ்னு நீதான் சொன்னே."

டட்லி வண்டியை அலுவலகத்துக்குத் திருப்பினான்.

கிளமெண்ட் அதே இடத்தில் இருந்தான். பாக்குத் துப்பல் மரத்தடியில் சிவந்து கிடந்தது. ஹில்டா அவனுக்கு எதிரே போகவில்லை. அவனுக்குப் பக்கத்தில், அவன் பார்த்துக்கொண்டிருந்த தெருவையே பார்த்தபடி உட்கார்ந்தாள். டட்லி மரத்தில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரம் லாரிகள் போவதைப் பார்த்தார்கள்.

"செய்தி நல்லா இருந்துது," என்றாள் ஹில்டா. "சாப்பாடு நேரத்துக்கு நடந்துது. பிள்ளை நல்லபடி பிறந்துது."

கிளமெண்டின் தாடை நின்றது. வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு புறங்கையால் உதட்டைத் துடைத்தான். பிறகு அவன் பேசிய விதத்தை டட்லி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

"நான்தான் குடுத்தேன், நான் துறைமுகத்துல நிக்கறேன், அவ சாப்பிடல, எழுந்திருக்கல, போன தடவை மாதிரியே ஆயிடும்னு நர்ஸ் சொன்னதா எங்க ஊர்க்காரன் வந்து சொல்றான், நான் என்ன பண்ணுவேன், நான் போய் அவ பக்கத்துல உக்காரக்கூட முடியாது, அவன் எப்படியும் ஏதாவது ஒரு கரையில ஒதுங்கியிருப்பான், ரெண்டு நாள்ல சிரிச்சுக்கிட்டு வந்து நிப்பான், அதுவரைக்கும் அவ சாப்பிடட்டும்னு நெனச்சேன், நான் அவளுக்குத்தான் சொன்னேன், அவ ஒருத்திக்குத்தான், கவர்மெண்டும் அதே ரேடியோவைக் கேட்டுக்கிட்டுச் சாப்பிடும்னு எனக்குத் தெரியல."

"தெரிஞ்சப்போ?" டட்லியின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "படகைத் திருப்பிட்டாங்கன்னு எப்போ தெரிஞ்சுது?"

"நாலாம் நாள். அந்த ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன்."

"அப்புறம்?"

"வாசல் வரைக்கும்தான். உள்ள போய்ச் சொன்னா அன்னிக்கு சாயங்காலமே ரேடியோவுல வரும். பிள்ளை இன்னும் பிறக்கல."

டட்லி அடுத்ததைக் கேட்க வாயெடுத்தான். ஹில்டா கையைக் காட்டி நிறுத்தினாள். அடுத்தது என்ன என்று மூன்று பேருக்கும் தெரியும். பிள்ளை பிறந்த பிறகு ஏன் சொல்லவில்லை?

"அவகிட்ட எதைச் சொல்றதுன்னாலும் பர்னபாஸ் மூலமாத்தான் சொல்வேன்," என்றான் கிளமெண்ட்.

மலுவேயில் மைத்துனன் பெயரையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவன் சொல்லிவிட்டான். சொன்னது காதில் விழுந்ததும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"அப்போ எதுக்கு அவளை எங்ககிட்ட கூட்டிட்டு வந்தீங்க?" டட்லியின் குரலில் இப்போது கோபம் இல்லை. "நாங்க கண்டுபிடிச்சுடுவோம்னு தெரியாதா?"

"தெரியும். கோர்ட்டுல அடுத்தவங்க பேச்சை எடுத்துச் சொல்ற அம்மான்னு சொன்னாங்க. அதனாலதான்."

ஹில்டா எழுந்து சேலைத் துணிபோல இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாவின் மண்ணைத் தட்டினாள். பல வருஷமாகப் பார்த்த வேலைதான், ஆனால் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். டட்லி பின்னால் போய்க் கதவருகே நின்றுகொண்டான்.

எட்னா குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. ஹில்டா எதையும் விடவில்லை, எதையும் கூட்டவும் இல்லை. ஓடம் லாட்டாவுக்கு வரவில்லை. கப்பலில் அவன் ஏறவில்லை. செய்தியை அவன் கொடுக்கவில்லை. கொடுத்தது யார், எதற்காக, அதனால் என்ன நடந்தது என்பதைக் கிளமெண்ட் சொன்ன வரிசையிலேயே, அவன் சொன்ன ஒவ்வொரு 'நானை'யும் வைத்து எடுத்துச் சொன்னாள்.

கீழே கடையில் யாரோ அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. குழந்தை ஏப்பம் விட்டது.

"வேற பொண்ணு இல்ல," என்றாள் எட்னா.

"இல்லம்மா."

காலையில் அவள் பேச்சில் வந்து நிறைந்த மனிதர்கள், அம்மா, லூக்கா, நர்ஸ், அத்தையிடம் சிரித்துவிட்டுப் போனவன், அவர்களில் ஒருவரையாவது எட்னா இப்போது கூப்பிடுவாள் என்று டட்லி காத்திருந்தான். அவள் மேஜை மேலிருந்த இளநீர்க் காய்களைப் பார்த்தாள். ஒன்றைக் குடித்திருந்தாள். இன்னொன்று சீவாமல் இருந்தது. அதை டட்லியின் பக்கம் தள்ளினாள்.

"கீழ வெயில் அதிகம். இது மிச்சம்."

டட்லி அதைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னான். கிளமெண்ட் காயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். குடிக்கவில்லை. சாயங்காலம் டட்லி டாக்ஸியை எடுக்க வந்தபோதும் அது அவன் மடியிலேயே இருந்தது.

அன்று பிற்பகலே ஹில்டா, எட்னாவையும் கூட்டிக்கொண்டு, தேடும் படகை அனுப்பிய அலுவலகத்துக்குப் போய்த் தகவல் தெரிவித்தாள். அதிகாரி மறுபடியும் உட்காரச் சொன்னார். நீரோட்டத்தையும் நாட்களையும் பற்றி விளக்கினார். தவறு தங்கள் பக்கமும் இருப்பதாகச் சொன்னார், அதை எழுதித் தரமுடியாது என்றார். படகு அனுப்பப்படவில்லை.

திரும்பும் வழியில் டட்லி வானொலி நிலையத்தில் வண்டியை நிறுத்தினான். எட்னா பின் இருக்கையிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஹட்சனிடம் சொன்னாள். கேசட்டை அவள் ஏற்கெனவே திருப்பி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை ஏழு மணிக்கு ஆக்னஸ் அதை வாசித்தாள்.

"மலுவே தீவு, லூக்காவின் பாட்டிக்கு. குழந்தை நலம். கப்பல் வியாழக்கிழமை. கரையில் இனி விளக்கு வேண்டாம்."

கப்பல் வியாழக்கிழமை மதியம் புறப்பட்டது. எட்னா குழந்தையோடு முன்தளத்தில் இருந்தாள். கிளமெண்ட் பின்தளத்தில் இருந்தான். தேடும் பணி மறுபடி தொடங்கப்படவில்லை.